பைண்டிங் கடைப் பையன்!



போன வருஷம் ஹாஸ்டலில் ஒரு ஃபேன் மாட்டுவண்டி மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாண்டுத் தம்பி ஒருவன் வந்து, அண்ணா, நீங்க எலக்ட்ரிகல்தானே, கொஞ்சம் பாருங்களேன் என்று கூப்பிட்டான். பார்த்தேன். கண்டென்சர் போயிருந்தது. புதுசு வாங்கி வந்து மாட்டினேன். ஃபேன் சும்மா பிய்த்துக்கொண்டு சுற்றியது. எனக்கோ ஏகப்பட்ட பெருமை!

பழைய கண்டென்சரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த தம்பி, இதில் 2.5 எம்.எஃப்.டி.ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னண்ணா என்று கேட்டான். மைக்ரோ ஃபாரட் என்றேன். ஃபாரட்னா? கண்டென்சரை அளக்கிற அலகு. அது சரிண்ணா, அந்தப் பேரு எங்கேயிருந்து வந்தது? ஃபாரடேன்னு ஒரு விஞ்ஞானி, அவர் பேரு என்று சொல்லிவிட்டு ஸ்டூலை விட்டு இறங்கி நழுவிவிட்டேன். அதற்கு மேல் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது.

ஃபாரடே விதியை எழுதி எழுதியே மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்த மனிதர் யார், எந்த ஊர், என்ன படித்தார் என்று ஒரு வரிகூடத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாள் லைப்ரரிக்குப் போனேன். அரியர் பேப்பருக்குக்கூட நான் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்ததில்லை.

படித்ததை உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இந்தப் பக்கங்களைப் பேரவைச் செயலரிடம் கேட்டு வாங்கினேன். ஏனென்றால் உங்களில் பல பேர் என் ரூமுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். படிச்சு முடிச்சுட்டு என்னண்ணா பண்றது? எந்தப் பக்கம் போறது? சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

மைக்கேல் ஃபாரடே 1791-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி, லண்டனை ஒட்டிய நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தான். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர். இங்கிலாந்தின் வடக்குப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி லண்டன் வந்தவர். உடம்பு முடியாத மனுஷன். பல நாள் பட்டறைக்கே போக முடியாது. வீட்டில் நாலு பிள்ளைகள். 1801-ல் தானிய விலை தாறுமாறாக ஏறியபோது மைக்கேலுக்குக் கொடுத்தது ஒரு ரொட்டி. அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் ஓட்ட வேண்டும்!

பள்ளிக்கூடத்தில் அவன் கற்றது எழுத, படிக்க, சாதாரணக் கணக்குப் போட. அவ்வளவுதான். 13 வயதில், 1804-ல், வேலைக்கு வந்துவிட்டான். ப்ளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடை. பிரான்சிலிருந்து வந்து லண்டனில் குடியேறியவர் அவர். புத்தகம் விற்பார், பைண்டிங்கும் செய்வார். நம்ம பையனுக்கு எடுபிடி வேலை. அந்தக் காலத்தில் செய்தித்தாள் விலை அதிகம். ஒரே தாளை ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்ததும் வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். மழையோ பனியோ, தெருத்தெருவாக நடந்தான்.

ஒரு வருஷம் பார்த்த ரீபோவுக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. 1805-ல் பைண்டிங் தொழில் பழக ஏழு வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். இப்படித் தொழில் பழகச் சேருகிற பையனின் வீட்டார் முதலாளிக்குப் பணம் கட்டுவது அங்கே வழக்கம். மைக்கேல் வீட்டில் அதற்கு வழியில்லை. ஒரு வருஷம் ஒழுங்காக வேலை செய்ததையே கணக்கில் வைத்து, ரீபோ அந்தப் பணத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஏழு வருஷம்! நமக்கு மூன்று வருஷ டிப்ளமோவே எப்போதடா முடியும் என்று இருக்கிறது.

தைத்த கையே படித்தது

பைண்டிங் என்றால் சும்மா இல்லை. தாள்களை அடுக்கி, தைத்து, பசை போட்டு, அழுத்தி, ஓரம் வெட்டி, தோல் ஒட்டி, முதுகில் எழுத்துப் பதிக்க வேண்டும். ஒரு இடத்தில் அசிரத்தையாக இருந்தாலும் புத்தகம் கோணிக்கொள்ளும். அந்த வேலையை மைக்கேல் நன்றாகக் கற்றுக்கொண்டான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேதைகளின் கதை என்றாலே, பிடிக்காத வேலையை உதறிவிட்டுப் பிடித்த வேலையைத் தேடி ஓடியவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவன் ஓடவில்லை. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, கையில் கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்தான்.

கூடவே ஒரு காரியம் செய்தான். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தான்.

பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் பைண்டிங்குக்கு வந்தது. அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவனை இழுத்துப் பிடித்தது. அப்புறம் ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள். 1806-ல் வெளிவந்த அந்தப் புத்தகம், வேதியியல் தெரியாதவர்களுக்காக ஆசிரியையும் மாணவிகளும் பேசிக்கொள்வது போல எழுதப்பட்டது. படித்ததை அப்படியே நம்பிவிடவில்லை இந்தப் பையன். தன் சில்லறைக்கு எட்டிய அளவில் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தான். புத்தகம் சொன்னது கண்ணெதிரே நடந்தபோதுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது. கண்ணாடி ஜாடியை வைத்து நிலைமின்சார எந்திரம் ஒன்றும் செய்துகொண்டான். பிற்காலத்தில் பெரிய ஆளான பிறகும் அந்த அம்மையாரைத் தன் முதல் ஆசிரியை போலவே மதித்தார்.

மூன்றாவது புத்தகம் ஐசக் வாட்ஸ் எழுதியது. அறிவை வளர்ப்பது எப்படி என்பது அதன் விஷயம். படிக்கும்போது குறிப்பு எடு, நல்ல விரிவுரைகளைக் கேள், உன்னைப் போல ஆர்வமுள்ளவனோடு கடிதம் எழுதிப் பழகு, நாலு பேரோடு கூடி விவாதி - இதுதான் சாராம்சம். நாமும் இந்த மாதிரிப் புத்தகங்கள் வாங்குகிறோம். இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு நண்பனுக்குப் பிறந்த நாள் பரிசாகக் கொடுத்துவிடுகிறோம்! மைக்கேல் அதை ஒரு வேலைப் பட்டியல் மாதிரி எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தான்.

ஒரு ஷில்லிங்கும் நாலு டிக்கெட்டும்

லண்டனில் ஜான் டாட்டம் என்பவர் தன் வீட்டில் மாலை நேரங்களில் விஞ்ஞான விரிவுரைகள் நடத்தினார். கேட்க வருபவர்கள் மைக்கேலைப் போலத் தொழில் செய்யும் இளைஞர்கள். கட்டணம் ஒரு விரிவுரைக்கு ஒரு ஷில்லிங். மைக்கேலிடம் ஏது காசு? கொல்லர் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட் கொடுத்தார். 1810-ல் அப்பா இறந்துபோன வருஷம் அது. குடும்பம் இருந்த நிலையில் அந்த ஷில்லிங்கின் மதிப்பு நமக்குப் புரியும். நம்மில் எத்தனை பேருடைய செமஸ்டர் ஃபீஸ் அண்ணன் சம்பளத்திலிருந்தும் அம்மா நகையிலிருந்தும் வருகிறது!

கேட்டதையெல்லாம் எழுதினான். கருவிகளைப் படமாகப் போட வேண்டுமே என்று, ரீபோ வீட்டில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வரைதலும் கற்றான். எழுதியதை நாலு தொகுதியாகத் தன் கையாலேயே பைண்டு பண்ணினான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அந்தத் தொகுதிகளை ரீபோ பெருமையாகக் கடைக்கு வருபவர்களிடம் காட்டுவார். பார்த்து அசந்துபோனவர்களில் டான்ஸ் என்பவர் ஒருவர். ராயல் இன்ஸ்டிடியூஷனில் அப்போது புகழின் உச்சியில் இருந்த ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு நாலு டிக்கெட் கொடுத்தார். 1812-ல் மைக்கேல் போய்க் கேட்டான். எழுதினான். சுமார் 300 பக்கம் வந்தது. படங்களோடு பைண்டு பண்ணினான்.

அதே வருஷம் அரைப்பென்னி நாணயங்களையும், அதே அளவில் வெட்டிய துத்தநாகத் தகடுகளையும், உப்புநீரில் நனைத்த காகிதத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒரு பேட்டரி செய்தான். ஏழே ஜோடிதான். அதை வைத்து ஒரு உப்பைச் சிதைத்துக் காட்டி, பெஞ்சமின் அபட் என்ற நண்பனுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினான். வாட்ஸ் சொன்ன கடித நட்பு!

ஆனால் வேலை? 1812 அக்டோபரில் தொழில் பழகும் காலம் முடிந்தது. வேறொரு பைண்டரிடம் சேர்ந்தான். அவர் சிடுசிடு மனுஷன். விஞ்ஞானத்தின் பக்கம் எந்த வேலையாவது கிடைத்தால் போதும் என்று ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்கு எழுதிப் போட்டான். பதில் எதுவும் வரவில்லை. அப்ளிகேஷன் போட்டுவிட்டுப் போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் மனசு கனக்கும்.

சோர்ந்துபோகாமல், அந்த 300 பக்கப் புத்தகத்தை டேவிக்கு அனுப்பினான். டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் இடம் காலியில்லை, பைண்டிங்கை விடாதே என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். தங்கள் பைண்டிங் வேலைகளைத் தருவதாகவும் சொன்னார். சில வாரத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அடிதடியில் வேலையை இழந்தார். டேவிக்கு அந்த 300 பக்கம் ஞாபகம் வந்தது. 1813 மார்ச் 1-ம் தேதி மைக்கேலுக்கு வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். நானும் மறுக்கவில்லை. அண்ணனின் ஷில்லிங், டான்ஸின் டிக்கெட், யாரோ போட்ட சண்டை - இதில் எது இல்லாவிட்டாலும் கதை வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கதவைத் திறந்தது அவன் பைண்டு பண்ணிய நாலு தொகுதி. இரண்டாவது கதவைத் திறந்ததும் அவன் பைண்டு பண்ணிய புத்தகமே. தப்பித்துப் போக நினைத்த தொழில்தான் அவனை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போயிற்று!

ஆய்வுக்கூடத்தில்

அதே வருஷம் டேவி ஐரோப்பாவுக்குப் பயணம் புறப்பட்டார். அவருடைய பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால், ஃபாரடே அந்த வேலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். திரும்பவில்லை. அந்தப் பயணத்தில்தான் ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார். நம் மீட்டர்களில் இருக்கிற ஆம்பியரும் வோல்ட்டும் அவர்கள் பெயர்தான். 1815-ல் ஊர் திரும்பினார்.

1821 செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தை நிறுத்தி, மின்சாரம் ஓடும் கம்பியை அதைச் சுற்றிவர வைத்தார். உலகத்தின் முதல் மின்மோட்டார் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அது அவசரத்தில் வெளிவந்தது. இதே போன்ற முயற்சியில் இருந்த வொல்லாஸ்டன் பெயரைக் குறிப்பிடாமல் விட்டார். அடுத்தவன் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று பேச்சு வந்து மனம் நொந்தார். 1824-ல் ராயல் சொசைட்டிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதை எதிர்த்தவர், வேலை கொடுத்த டேவியேதான். எதிராக ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அப்போது அந்தச் சொசைட்டிக்குத் தலைவர் டேவி.

அடுத்த சில வருஷங்கள் கண்ணாடி உருக்கினார்! டெலஸ்கோப்புக்கு நல்ல கண்ணாடி வேண்டும் என்று சொசைட்டி கொடுத்த வேலை. உலைக்கு முன்னால் நின்று ஈயம் கலந்த கனமான கண்ணாடிகளைச் செய்து பார்த்தார். எதிர்பார்த்த பலன் இல்லை. வருஷங்கள் வீண் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1845-ல் ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று அவர் கண்டுபிடித்தாரே, அதற்குக் கைகொடுத்தது இந்தக் கனமான கண்ணாடிதான். வேறு பொருள்கள் எதிலும் தெரியாத விளைவு அதில் தெரிந்தது.

இனி நம்ம விதிக்கு வருவோம். 1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல இரும்பு வளையம் ஒன்று. அதன் ஒரு பக்கம் ஒரு காயில், மறுபக்கம் இன்னொரு காயில். இன்சுலேஷன் போட்ட கம்பி அப்போது கடையில் கிடைக்காது. கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே நூல் கயிறும், அடுக்குகளுக்கு நடுவே காலிகோ துணியும் வைத்துத் தானே கட்டினார். நூலும் துணியும் அவர் கைக்குப் பழக்கமானவைதானே! ஒரு காயிலில் பேட்டரியைச் சேர்த்ததும் மற்றதில் இருந்த முள் அசைந்து நின்றது. பேட்டரியை எடுத்ததும் மறுபடி அசைந்தது. இடையில் அசையவே இல்லை. மாறும்போது மட்டும்தான் மின்சாரம் பிறக்கிறது என்று புரிந்துகொண்டார். அக்டோபர் 17-ல் காயிலுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தே மின்சாரம் உண்டாக்கினார். அக்டோபர் 28-ல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். நம்ம மெஷின்ஸ் லேபில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் அந்த இரண்டு மாதத்தில் பிறந்த பிள்ளைகள்தான்.

கணக்கு வராத விஞ்ஞானி

கணக்கில் அரியர் வைத்திருக்கும் தம்பிகள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்! ஃபாரடேவுக்கு உயர்கணிதம் தெரியாது. அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சமன்பாடுகளைத் தேடினால் கிடைக்காது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் காட்டும் கோடுகளை வைத்தே யோசித்தார். கணிதம் படித்த பலர் அந்தக் கோடுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1850-களில் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் அவற்றைக் கணிதமாக்கத் தொடங்கினார்.

அதனால் கணக்குப் படிக்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேக்ஸ்வெல் வந்துதானே அந்தக் காரியம் முழுமையாயிற்று? தன்னிடம் இல்லாததை எண்ணி அவர் முடங்கவில்லை, இருப்பதை முழுசாகப் பயன்படுத்தினார் என்பதே விஷயம். ஒவ்வொரு சோதனையையும், தோற்றுப்போனதைக்கூட, எண் போட்டு நோட்டில் எழுதினார். கடைசி எண் 16,041! நடுவயதில் ஞாபக மறதி வந்து வாட்டியபோது அந்த நோட்டுகளே துணை. அவற்றையும் தானே பைண்டு பண்ணினார்.

புகழ் வந்தது. சர் பட்டம் வேண்டாம் என்றார். 1857-ல் ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் வேண்டாம் என்றார். 1827 முதல் பல வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் விளக்கிய அவரது சொற்பொழிவுகள் 1861-ல் புத்தகமாயின. 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார். லண்டன் ஹைகேட் கல்லறையில் ஆடம்பரம் இல்லாத ஒரு கல்லின் கீழ் இருக்கிறார்.

எனக்குக் கிடைத்தது

என் கதைக்கு வருகிறேன். ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன்.

நான் லீவு நாட்களில் எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்ப்பேன். வீட்டுக்கு அந்தக் காசு தேவை. எரிந்த காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டைச் சுரண்டி, லெதராய்டு பேப்பர் வைத்து, சுற்று எண்ணி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றுவது. கூடப் படித்தவர்கள் பி.இ. படிக்கும்போது நான் மட்டும் கையில் வார்னிஷோடு நிற்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரு குறை. கடைப் பக்கம் தெரிந்தவர்கள் வந்தால் மோட்டாருக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

ஃபாரடேவைப் படித்துவிட்டு அடுத்த லீவுக்குப் போனபோது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். வருகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் ஹெச்.பி. எவ்வளவு, ஸ்லாட் எத்தனை, சுற்று எத்தனை, என்ன கேஜ் கம்பி, எதனால் எரிந்தது என்று எழுதினேன். புரியாததை லைப்ரரியில் தேடினேன். ஏன் இத்தனை சுற்று என்று ஒரு நாள் விளங்கியபோது, மூன்று வருஷமாக மனப்பாடம் பண்ணிய விதி என் கையிலேயே இருந்தது தெரிந்தது. கடைக்கார அண்ணன்கூட, பழைய மோட்டார் திரும்பி வந்தால் இப்போது என் நோட்டைத்தான் கேட்கிறார்!

இதனால் எனக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டதா? இல்லை. அரியர் ஒன்று இன்னும் பாக்கி. ஆனால் குனிந்துகொள்வதை நிறுத்திவிட்டேன். எந்தப் பக்கம் போவது என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவும் தோன்றவில்லை. திசை என்பது எங்கேயோ போர்டு போட்டுக் காத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். கையில் இருக்கிற வேலையைக் கூர்ந்து பார்த்து, அதைப் பற்றிப் படித்து, படித்ததைச் செய்து, செய்ததை எழுதிவைத்தால், அதற்குள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது.

தம்பி தங்கைகளே, அடுத்த வருஷம் நான் இங்கே இருக்க மாட்டேன். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் நீங்களேதான் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஸ்விட்சை ஆஃப் பண்ணிவிட்டு ஏறுங்கள். கண்டென்சரைக் கழற்றும்போது அதில் இருக்கிற பெயரை ஒரு தரம் படியுங்கள். அது ஒரு பைண்டிங் கடைப் பையனின் பெயர்!

அன்புடன்,
மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்